முழுக்கை

முகூர்த்த ரவிக்கைக்கு அரைக்கை போதும் என்றுதான் முதலில் சொன்னார்கள். அடுத்த வாரமே மணப்பெண் பொற்கொடியின் அம்மா வந்து முழங்கைவரை நீட்டச் சொன்னாள். இப்போது மணிக்கட்டுவரை வேண்டுமாம்; பின்கழுத்தையும் ஏற்ற வேண்டுமாம். நல்லவேளை, துணியை இன்னும் வெட்டவில்லை.

"ஓமப்புகையில உக்காரணும், வேர்த்து ஊத்தும்க்கா," என்றபடி தையல்காரி ஸ்டெல்லா அளவு டேப்பை உதறினாள். பொற்கொடி சட்டென்று இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தாள்.

டேப் ஸ்டெல்லாவின் கையிலேயே தொங்கியது.

"காதலிச்ச பையனைத்தான் கட்டிக்குவேன்னு இவ நின்னா, இவங்கப்பா என்னதான் பண்ணுவாரு?" என்றாள் அம்மா.

ஸ்டெல்லா பெண்ணின் கைகளை மெதுவாக விலக்கினாள். பார்த்தாள்.

"கன்னத்துக்கு என்னக்கா தைக்கிறது?"

"அதுக்குப் பார்லர்ல சொல்லியாச்சு," என்றாள் அம்மா. "நீ கையோட அளவை எடு."