கண்முன் ஒரு கட்டம்

மிஷின்களே காமிக்ஸ் வரைந்து தள்ளுகிற காலத்தில், கையால் வரைந்தது எது என்று எதை வைத்து நம்புவது? அதற்காகவே கோவில்பட்டி காமிக்ஸ் ரசிகர் மன்றம் ஒரு வழக்கம் வைத்திருந்தது. உள்ளூர் ஓவியர் எவராயிருந்தாலும் உறுப்பினர்கள் கண்முன் உட்கார்ந்து ஒரு கட்டம் வரைந்து காட்ட வேண்டும். அப்புறம்தான் புத்தகத்தில் மன்றத்து முத்திரை விழும்.

செயலாளர் இருளப்பனுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. போன மாதம் தான் வரைந்ததென்று தமயந்தி கொண்டுவந்த புத்தகத்தில் ஒரு கோடுகூடப் பிசகவில்லை. அதுவே அவருக்கு உறுத்தியது. வரையச் சொன்னார்கள். நாற்பது பேர் சுற்றி நின்று முறைத்ததில் அவள் கை வெடவெடத்தது. கதாநாயகியின் மூக்கு கோணிக்கொண்டது.

"பாத்தியளா? மிஷின்ல போட்டுட்டு இங்க வந்து நடிக்கா," என்றார் இருளப்பன்.

"இப்படிச் சுத்தி நின்னு முறைச்சா எப்படிண்ணே கை ஓடும்?" என்று கேட்டாள். யாரும் காதில் வாங்கவில்லை. அதற்கப்புறம் அவள் பேனாவையே தொடவில்லை என்று கேள்வி.

இன்று தன் புத்தகத்தோடு வந்த சுதர்சனத்துக்குக் கை நடுங்கவே இல்லை. கோடு வழுக்கிக்கொண்டு போனது.

"இதுல்லா கை!" இருளப்பனே முத்திரையைக் குத்தினார். கைதட்டல் அடங்கியதும் டீ வந்தது. சுதர்சனம் இடது கையால் வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பி, ஊதி ஊதிக் குடித்தான்.

இருளப்பன் தற்செயலாக மேஜையைப் பார்த்தார். அவனுடைய வலது கை, அது பாட்டுக்கு, அடுத்த கட்டத்தை வரைந்துகொண்டிருந்தது.