தகரக் குழல்

டென்ட் கொட்டகையில் இங்கிலீஷ் படம். திரையில் வெள்ளைக்காரி ஒருத்தி கொள்ளைக்கூட்டத் தலைவனின் நெஞ்சில் துப்பாக்கியை வைத்தாள். அவன் கைகளைத் தூக்கியபடி நாற்காலியை விட்டு எழுந்தான். திரையோரம் முக்காலியில் உட்கார்ந்து தமிழில் கதை சொல்லும் சிங்காரம், பெண்களும் பார்க்கிறார்களே என்று, "செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்கிறாள்" எனத் தகரக் குழலில் முழங்கினார்.

சாராயம் காய்ச்சி இரண்டு முறை ஜெயிலுக்குப் போன அமிர்தம் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள்.

"துப்பாக்கிய நீட்டியாய்யா மன்னிப்பு கேப்பாங்க? நாற்காலியக் கேக்குறாய்யா அவ!"

பெண்கள் குலவையிட்டார்கள். அமிர்தம் நடுவிலிருந்த மண்சுவரைத் தாண்டிக் குதித்து, ஆண்களை விலக்கிக்கொண்டு நேராகத் திரைக்குப் போய்க் கையை நீட்டினாள். சிங்காரம் குழலைக் கொடுத்தார். முக்காலியை விட்டு எழுந்தபோது அவருடைய இரண்டு கைகளும் மேலே போயிருந்தன.