நீட்டாத கை

உறவைப் பறிகொடுத்தவர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கும் அறையில் மதிய வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீளமாக வரைகிறது. புதிதாக வந்தவள் புற்றுநோயில் போன கணவனைச் சொல்லிச் சொல்லி அழுகிறாள். பக்கத்து நாற்காலி பஸ் டிரைவரின் கை டிஷ்யூ பெட்டியை நோக்கிப் போகிறது. எதிரே மனநல ஆலோசகர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். டிஷ்யூவை நீட்டினால் ‘அழுதது போதும்’ என்று சொன்னதாகிவிடும் என்பதால் அவர் யாருக்கும் நீட்டுவதில்லை. “ஒரு பேப்பர எடுத்துக் குடுத்தா கை தேஞ்சா போயிடும்?” என்று போன வருஷம், மனைவியை இழந்து வந்த புதிதில், அவரிடம் எரிந்து விழுந்தவர் இதே டிரைவர்தான். இப்போது அந்தப் பெரிய கை பாதி வழியில் தயங்கி, திரும்பி வந்து முழங்காலில் படிகிறது. “அழும்மா, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல,” என்கிறார். ஆலோசகருக்குப் பெருமை பிடிபடவில்லை. முகம் காட்டிக்கொடுத்துவிடுமே என்று குனிந்து பேனாவைத் தேடுகிறார். பேனா கையில்தான் இருக்கிறது.