வழக்கமான வேகம்

கிரேஸ் மூன்றாவது முறையாக ஸ்குரூவைக் கீழே போட்டாள். குனிந்து எடுத்து, துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மோட்டாரின் மூடியில் வைத்தாள்.

"பரவாயில்லக்கா, பதட்டப்படாதீங்க," என்றார் பயிற்சி கொடுக்கும் இஞ்சினியர் சரவணகுமார். "தினமும் லைன்ல எப்படிச் செய்வீங்களோ, அதே வழக்கமான வேகத்துல செஞ்சா போதும்."

அவளுக்குப் பதட்டமே இல்லை. தேர்வாய் கண்டிகையில், காரின் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் செய்கிற அந்தத் தொழிற்சாலையில் அவளைவிட வேகமான கை கிடையாது. பல்சக்கரத்தை உட்கார வைத்து, கிரீஸ் தடவி, மூடி போட்டு, நாலு ஸ்குரூவையும் முடுக்க அவளுக்கு இருபத்தாறு செகண்டு போதும். லைனில் மற்ற பதினேழு பேருக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும்.

அன்று 'ஸ்மார்ட் ஃபேக்டரி பயிற்சி'யின் கடைசி நாள். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. கை எப்போது எடுக்கிறது, எப்போது வைக்கிறது என்று அது உணர்ந்து, ஒரு மோட்டாருக்கு எத்தனை செகண்டு ஆயிற்று என்று எதிரே உள்ள திரையில் காட்டும். இரண்டு நாளாகச் சரவணகுமார் அதைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். பதினெட்டு பேருக்கும் நன்றாகவே புரிந்துவிட்டது.

புரிந்ததால்தான் ஸ்குரூ கீழே விழுந்தது.

போன வருஷம் ஸ்டாப்வாட்சோடு ஒருவர் வந்தார். அப்போது ஒரு மோட்டாருக்கு முப்பது செகண்டு, மணிக்கு நூற்றிருபது என்பதுதான் டார்கெட். குப்புராஜ் வீறாப்பாக இருபத்தாறில் முடித்துக் காட்டினார். அடுத்த வாரமே போர்டில் மணிக்கு நூற்று முப்பத்தெட்டு என்று எழுதிவிட்டார்கள். அந்த வேகத்துக்கு வர முடியாத இரண்டு பேரை ஒரே மாதத்தில் நிறுத்தினார்கள்.

கிரேஸின் வலது கை அன்றிலிருந்து விடிய விடிய வலிக்கிறது. இன்னும் ஒரு செகண்டு குறைத்தால்கூட அவளால் தாக்குப்பிடிக்க முடியாது. கணவர் ஸ்டீபன் வேலை செய்த கம்பெனி மூடி எட்டு மாதம் ஆகிறது. ஆரம்பாக்கத்து வீட்டில் இப்போது அவள் ஒருத்தி சம்பளம்தான்.

எனவேதான் காலை நாஷ்டா நேரத்தில் லைன் லீடர் பாக்கியநாதன் எல்லோரையும் கூட்டிப் பேசியிருந்தார்.

"வாட்சுக்குப் பதிலா வளையல் கட்டி உடறான், அவ்ளோதான். இன்னிக்கு இதுல இன்னா நம்பர் வருதோ, நாளைக்கு அதான் போர்டுல ஏறும். ஒருத்தரும் முப்பத்தெட்டு செகண்டுக்குக் கீழ வரக் கூடாது."

"முப்பத்தெட்டா? நடுவுல தூங்கிடுவேன் அண்ணே," என்றார் குப்புராஜ்.

"தூங்கு நைனா. போன வாட்டி நீ முழிச்சிக்கினு இருந்துதான் பேஜாராப் பூட்ச்சு."

அதிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. கை சும்மா நின்றால் பட்டை காட்டிக் கொடுத்துவிடும். அது அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால் கிரீஸைத் தடவி, வழித்து, மறுபடி தடவினார்கள். ஸ்குரூடிரைவர் 'டக்'கென்று நின்ற பிறகும் ஒரு மூச்சு நேரம் அழுத்திப் பிடித்தார்கள். மூடியைப் போடுமுன் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்கள்.

கிரேஸின் திரையில் முப்பத்தெட்டு என்று வந்தது.

"இன்னொரு வாட்டி பாக்கலாமா அக்கா?" என்றார் சரவணகுமார். "இதவிட வேகமா வரும் உங்களுக்கு. நானே லைன்ல பாத்துருக்கேன்."

"அது என்னிக்கோ ஒரு நாளு வரும் சார். டெய்லி வருமா?"

இரண்டாவது முறை முப்பத்தொன்பது. சரவணகுமார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "கொஞ்சம் மனசு வச்சு செய்ங்கக்கா," என்று கெஞ்சுவது போலச் சொன்னார்.

பக்கத்து மேஜையிலிருந்து தமிழ்செல்வி கிசுகிசுத்தாள். "மசியாதக்கா. நம்மளப் புழியத்தான் இந்தக் குழை குழையறாரு."

மூன்றாவது முறையும் முப்பத்தெட்டு. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

நாலு மணிக்கு மேனேஜர் வந்தார். பதினெட்டு பேருக்கும் சேர்த்துச் சராசரி முப்பத்தெட்டு. பார்த்துவிட்டு அவர் திட்டவில்லை. "தேங்க்ஸ், எல்லாரும் நல்லா ஒத்துழைச்சீங்க," என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

"பாத்தியா, ஒண்ணும் பேச முடியல," என்று பாக்கியநாதன் மீசைக்குள் சிரித்தார்.

"மணிக்குத் தொண்ணூத்தஞ்சுதான் இனிமே," என்றார் குப்புராஜ். "நடுவுல டீயே குடிச்சிட்டு வரலாம்."

சரவணகுமார் ஒவ்வொருவர் கையிலிருந்தும் பட்டையைக் கழற்றிக்கொண்டே வந்தார். கிரேஸுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"இன்னா சார், டல்லா கீறீங்க? எங்க டார்கெட்ட எவ்ளோ கொறைக்கப் போறாங்க?"

"இது டார்கெட்டுக்கு இல்லக்கா." அவர் நிமிராமலே பேசினார். "இந்த லைனுக்கு ரோபோ வாங்கறதா, உங்களையே வச்சுக்கறதான்னு பாக்கத்தான். யார் வேகமோ அவங்களுக்கு லைன். போர்டு கணக்க ஏத்துக்க மாட்டாங்களாம், இந்தப் பட்டை காட்டற நம்பர்தானாம். முன்னாடியே சொல்லக் கூடாதுன்னு என் வாயைக் கட்டிட்டாங்க. மேனேஜர் இப்பதான் போன்ல ஆர்டர் குடுத்துட்டுப் போறாரு."

கிரேஸ் நீட்டிய கையை மடக்கவில்லை.

"அந்த ரோபோ... எத்தினி செகண்டுல முடிக்கும் சார்?"

"முப்பத்துமூணு."