ஒரு பீங்கான் சோறு

“வேணாம் வாப்பா. அவர் என்ர நாக்கை அறுத்துப் போத்தலுக்குள்ள போடுவார்.”

ஆறு வயது றம்ஸியா கட்டில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு டொக்டரிடம் வரமாட்டேன் என்றாள். நேற்று வள்ளம் இழுக்கும் இடத்தில் விளையாடும்போது துருப்பிடித்த ஆணி ஏறிய கால், இன்று வீங்கிக் கிடந்தது. ஏற்புவலி வராமல் தடுக்கிற ஊசி போடாமல் விட்டால் காரியம் கைமிஞ்சிப் போகும் என்று சரீபுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

“ஆரு புள்ள உனக்கு இப்பிடிச் சொன்ன?”

“உம்மா.”

சரீப் குசினிப் பக்கம் திரும்பினான். அவன் மனைவி அசனா, நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பை மும்முரமாக ஊதினாள்.

“சோறு தின்னாட்டி ஆனந்தராசா டொக்டர் வருவார் எண்டுதான் சொன்னனான். நாக்கும் போத்தலும் அவளாச் சேத்தது.”

“தங்கமான மனிசன். பன்னிரண்டு வருசமா அவர்ட வீட்டுக்கு மீன் குடுக்கிறன், ஒரு சொல்லு முகம் கோணிக் கதைச்சதில்ல. அவரைப் போய்ப் பேயாக்கி வெச்சிருக்கியே, இது அடுக்குமா? அவர்ட காதில விழுந்தா எவ்வளவு மனம் நோகும்?”

“நீங்க ஒரு வேளை சோறு தீத்திப் பாருங்க. அப்ப தெரியும்.”

சரீப் ஒருநாளும் பிள்ளைக்குச் சோறு ஊட்டிப் பார்த்ததில்லை. றம்ஸியாவைத் தூக்கிக்கொண்டு சைக்கிளை எடுக்கப் போனான்.

சைக்கிளின் பின்னால் வழக்கமான மீன்பெட்டி, முன்னால் குளறி அழுதுகொண்டு றம்ஸியா. கிண்ணியாத் துறையில் மறுகரைக்குப் போகப் பாதைப் படகு ஏறியபோது, இருந்தவர்கள் எல்லாரும் பிள்ளைபிடிகாரனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவன் விளக்கம் சொன்னான்.

“மனிசரைக் காட்டிப் புள்ளைகளை வெருட்டுறது பெரிய பாவம், கண்டீங்களா?”

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவர்களும் வீட்டில் சோறு தீத்தாதவர்கள்தான்.

மறுகரையில், ஓர்ஸ் ஹில்லில் இருந்த டொக்டர் வீட்டுக்கு அவன் எப்போதும் பின்வாசலால்தான் போவான். இன்று நோயாளியோடு வந்தபடியால் முன் கேற்றடிக்குப் போனான். றம்ஸியா கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தபோது, யன்னலுக்குள்ளிருந்து டொக்டரின் மனைவி பூரணியின் குரல் கேட்டது.

“வாயைத் திற குணமணி. திறக்காட்டி மீன்கார சரீப் வருவார். பெட்டிக்குள்ள போட்டு, மேல ஐஸ் கொட்டி, கிண்ணியாவுக்குக் கொண்டுபோயிடுவார்.”

சரீபின் கை அப்படியே நின்றது.

அந்தப் பிள்ளைக்கென்றே தினமும் முள் குறைந்த மீனாகப் பார்த்து ஒதுக்கி வைக்கிறவன் அவன். யாரோ கன்னத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. ஐஸ் வேறு கொட்டுவானாம்.

வாய் நிறையச் சோற்றோடு வெளியே ஓடிவந்த நாலு வயதுக் குணமணி, சரீபையும் பெட்டியையும் கண்டு வீரிட்டாள். சத்தம் கேட்டு வந்த டொக்டரின் காலை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

றம்ஸியாவுக்கு அழுகை நின்றுவிட்டது. டொக்டரிடம் போய் ஒளிக்கிற ஒரு பிள்ளையை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

“அவரிட்டப் போகாத. நாக்கை அறுப்பார்.”

“இது என்ர அப்பா. ஒண்டும் செய்யமாட்டார். அந்த ஆள்தான் பிள்ளையளைப் பெட்டிக்குள்ள போடுறவர்.”

“அது எங்கட வாப்பா. கோழி அறுக்கக்குள்ளயே மத்தப் பக்கம் திரும்பி நிக்கிறவர்.”

டொக்டர் யன்னலைப் பார்த்தார். யன்னல் திரை சட்டென்று மூடிக்கொண்டது. சரீப் நிலத்தைப் பார்த்தான்.

“அப்ப பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லு” என்றாள் குணமணி.

சரீப் திறந்தான். அவள் அப்பாவின் விரலைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள். நாலு பாரை மீன், கொஞ்சம் ஐஸ்.

“பிள்ளையள் இல்லை” என்றாள். கொஞ்சம் ஏமாற்றம்தான். “இப்ப நீ வந்து காலைக் காட்டு.”

பெட்டியைக் காட்டியாயிற்று, இனித் தான் பின்வாங்கக்கூடாது என்று றம்ஸியா போய்க் கதிரையில் ஏறி இருந்தாள். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், மற்றக் கையைக் குணமணியிடம் கொடுத்தாள். ஊசி போட்டு முடிந்ததும் நாக்கை நீட்டிக் காட்டினாள்.

“இருக்கா?”

“ஓம், முழுசா இருக்கு” என்றாள் குணமணி.

பூரணி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

“பிள்ளை சாப்பிடுறாள் இல்லை நானா. அதுதான் சும்மா…”

“பரவாயில்ல அம்மா” என்றான் சரீப். வாய் மட்டும்தான் அப்படிச் சொன்னது. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினான்.

வீட்டுக்கு வந்ததும் அசனாவிடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

“சொல்லடிபட்டவனுக்குத்தான் நோவு தெரியும். இனி இந்த வீட்டில எந்த மனிசரையும் காட்டிப் புள்ளைய வெருட்டக்கூடாது. விளங்கிச்சா?”

“விளங்கிச்சு” என்று சொல்லி, அசனா சோற்றுப் பீங்கானை அவன் கையில் வைத்தாள். “நீங்களே தீத்துங்க.”

முதல் வாய் அன்பாகப் போனது. இரண்டாவது வாய்க்குத் திமிங்கிலக் கதை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது வாய்க்குச் சரீப் திமிங்கிலமாகவே மாறிப் பாயில் உருள வேண்டியிருந்தது. நாலாவது வாயை றம்ஸியா கன்னத்தில் அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

அரை மணித்தியாலம் போனது. சோறு காய்ந்தது. அவன் விரலில் ஒட்டிய மீன் ஆணமும் காய்ந்தது.

“டொக்டரெண்டா எனக்கு இனிப் பயமில்ல வாப்பா” என்றாள் கன்னத்துச் சோற்றோடு.

சரீப் குசினிப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். அசனாவைக் காணவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“வாயைத் திற புள்ள. திறக்காட்டி டொக்டர்ட பொஞ்சாதி வருவா.”