மயில் போட்ட கதவு

1941. திண்டிவனம் தையல் வகுப்பில் ஊசி பிடித்தே பழகாத பன்னிரண்டு பெண்கள். ஆளுக்கொரு வீட்டை ஒட்டுத்துணியில் வெட்டித் தைத்து, எல்லாவற்றையும் இணைத்தால் ஒரு போர்வை.

பூமாலை தன் வீட்டுக்கு மயில் போட்ட பச்சைப் பட்டில் கதவு வைத்தாள்.

"கூரை எங்கடி?" என்றார் டீச்சர்.

"எங்க வீட்டுக்குக் கூரை இல்லீங்க."

"கதவுக்கு எதுக்குப் பட்டு? சீட்டித்துணி போதுமே."

"இந்தக் கதவுக்காகத்தான் தைக்கவே வந்தேங்க."

கண்காட்சிக்கு மணியக்காரர் மனைவி தனபாக்கியம் வந்தாள். கூடவே சப்-இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார். போர்வையில் அந்தப் பட்டுக் கதவைப் பார்த்ததும் அவள் முகம் சிவந்தது.

"யார் தச்சது இது?"

"நான்தாங்க" என்றாள் பூமாலை.

"திருடி! இது எங்க வீட்டுக்காரரு தோள்துண்டு. போன வருஷம் தொலைஞ்சுது. இன்ஸ்பெக்டரே, புடிங்க இவள!"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா. அவரோடதுதானா?" என்றாள் பூமாலை.

"இந்த மயிலே நான் என் கையால போட்டதுடி!"

பூமாலை சப்-இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள்.

"எழுதிக்குங்க எசமான். என் புருசன குடிசையோட வச்சு எரிச்ச அன்னைக்கு, இது எங்க வேலி முள்ளுல மாட்டிக்கினு இருந்துச்சு. புகார் குடுக்க வந்தப்ப சாட்சி எங்கன்னு கேட்டீங்களே, இந்தம்மாதாங்க."