ஆணியில் தொங்கிய கண்ணாடி

மருத்துவமனையின் ஆஞ்சியோ அறைக்குள் நுழையும்போது, கதிரைத் தடுக்கும் ஈய அங்கியை மட்டும் மாட்டிக்கொண்டு, ஈயக் கண்ணாடியை ஆணியிலேயே விட்டுவிடுவது சவரிமுத்துவின் வழக்கம். இருபத்தாறு ஆண்டுகள் எக்ஸ்ரே கதிர்களின் அருகே நின்றும் அவர் பார்வையில் ஒரு குறையும் இல்லை. மகள் ஜெனோவா அதே அறையில் வேலைக்குச் சேர்ந்த அன்று கண்ணாடியை எடுத்து அணிந்தபோது, எல்லோர் முன்னிலையிலும் சிரித்தார்.

"வெல்டிங் பட்டறைக்கா போற? என் கண்ணுதானே உனக்கும். கழட்டு பாப்பா."

மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அவள் வெட்கத்தோடு கழற்றி ஆணியில் மாட்டினாள்.

ஆறு ஆண்டுகள் கழித்து, இருவரையும் சோதித்த கண் மருத்துவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "உங்களுக்கு ஒண்ணுமில்ல சார். மகளுக்குத்தான் ரெண்டு கண்ணுலயும் புரை. கதிர் பட்டு வந்தது."

"முப்பது வயசுங்க அவளுக்கு. நான் நின்ன இடத்துலதானே அவளும் நின்னா?"

"கதிர் ஒண்ணுதான். அதைத் தாங்குற வாகு பிறப்புலேயே ஆளுக்கு ஆள் மாறும். கண்ணு உங்க ஜாடை. உள்ள இருக்கிறது அம்மா வழியில வந்திருக்கலாமே."

வெளியே வெயிலில் கண்கூசிய மகள் சவரிமுத்துவின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

மறுநாள் காலை ஆஞ்சியோ அறையில் அவர் இரண்டு ஈயக் கண்ணாடிகளின் தூசியைத் துடைத்தார். ஒன்றை மகளுக்கு மாட்டினார்.

"இப்ப எதுக்குப்பா?"

அவர், ஆறு ஆண்டுகளுக்கு முன் தம்மோடு சேர்ந்து சிரித்தவர்களின் பக்கம் திரும்பினார். "நான் சொன்னது தப்பு. எல்லாரும் போடுங்க" என்றார். பிறகு மற்றொன்றைத் தாமே அணிந்தார். பழகாத கனம் மூக்கை அழுத்த, மகளைத் தமக்குப் பின்னால் நகர்த்திவிட்டுக் கதிர் அதிகம் படும் எக்ஸ்ரே குழாயின் பக்கம் போய் நின்றார்.